சும்மா இருக்க ஒரு தீவு: ஹேவ்லாக், நீல் பயணக் குறிப்புகள்

கிளம்பும் முன்

அந்தமான் என்று சொன்னதுமே எல்லா டூர் ஏஜென்டும் ஒரே பட்டியலைத்தான் அனுப்புகிறார்கள். இறங்கிய அன்றே செல்லுலார் சிறை, ஒலி ஒளிக் காட்சி. மறுநாள் ராஸ் தீவும் நார்த் பேயும். அதற்கும் மறுநாள் நடுராத்திரி எழுப்பி பாராடாங். அப்புறம் ஹேவ்லாக்கில் ஒரு ராத்திரி, நீலில் அரை நாள், ஓடி வந்து விமானம். இதில் கடலில் கால் நனைக்க எங்கே நேரம் இருக்கிறது என்று தேடினேன். அகப்படவில்லை.

நாங்கள் நான்கு பேர். நான், மனைவி, யூகேஜி படிக்கும் மகள், முழங்காலுக்குத் தைலம் இல்லாமல் எங்கும் கிளம்பாத அம்மா. இந்தக் கூட்டத்தோடு தினம் ஒரு படகு ஏறி இறங்குவது நடக்காது. பட்டியலை அடித்துத் திருத்த உட்கார்ந்தேன். ராஸ் போச்சு, நார்த் பே போச்சு. பாராடாங்குக்குப் போகிற வழி ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக் காட்டுக்குள் போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை வரிசை கட்டி நிறுத்தி, காவலோடு அனுப்புவார்கள். நடுவே நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. விதியெல்லாம் சரிதான். ஆனாலும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் கண் எதைத் தேடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அது வேண்டாம் என்பதில் எங்கள் வீட்டில் பேச்சே எழவில்லை.

மிஞ்சியவை ஹேவ்லாக்கும் நீலும். 2018 டிசம்பரில் இவற்றுக்கு ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பலகையில் புதுப் பெயர், ஊர்ப் பேச்சில் பழைய பெயர். இந்தக் குறிப்புகளில் பேச்சுப் பெயரே வரும்.

தேதியை எப்படி முடிவு செய்தோம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அந்தமான் போகிற பலர் கோட்டை விடுவது இங்கேதான். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம், மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை, கடல் கொந்தளித்தால் படகு நிற்கும். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். அந்த நல்ல காலத்துக்குள்ளும் எந்த வாரம் என்பதை நிலா முடிவு செய்கிறது. மெரினாவில் கடல் ஏறுவதையும் இறங்குவதையும் நாம் கவனிப்பதே இல்லை, அந்த வித்தியாசம் அவ்வளவு சிறியது. போர்ட் பிளேர் பக்கம் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மீட்டர் வித்தியாசம் வரும். கரை சரிவே இல்லாமல் தட்டையாக இருக்கிற இடத்தில் இரண்டு மீட்டர் என்றால், காலையில் குளித்த கடல் மதியம் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும். நடுவில் பாறையும் பவளத் திட்டும் சேறுமாகக் கிடக்கும். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். ஒவ்வொரு நாளும் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியா வருடா வருடம் இதற்கு அட்டவணையே போடுகிறது.

அட்டவணையைப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. அங்கே அமாவாசையை ஒட்டிய நாட்களில் காலை ஒன்பது மணிவாக்கில் தண்ணீர் நிறைந்திருக்கும், பிற்பகல் மூன்று மணிவாக்கில் வற்றியிருக்கும். காலையில் குளியல், மதியம் தூக்கம். எங்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மாசி அமாவாசை நடுவில் வருகிற மாதிரி டிக்கெட் போட்டேன். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அங்கே காக்கா இருக்குமாடா?" அப்பாவுக்குப் படைத்துவிட்டுக் காக்கைக்குச் சோறு வைக்காமல் அவள் சாப்பிடமாட்டாள். அந்தமானில் காக்கை உண்டு என்று உறுதி சொன்னபிறகுதான் பெட்டியைக் கட்டினாள்.

திங்கள், போர்ட் பிளேர்

சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேரம். கப்பலில் வந்தால் மூன்று நாள் பிடிக்கும். முந்தைய தலைமுறை அப்படித்தான் வந்தது. எங்களை ஏற்றிய ஆட்டோக்காரரின் தாத்தா ராமநாதபுரத்திலிருந்து அப்படிக் கப்பலேறி வந்தவராம். இவர் பிறந்தது இங்கே. "ஊருக்குக் கல்யாணம் காட்சின்னாதான் போறது சார்" என்றார். அம்மாவுக்கு ஏறின உடனே பேச்சுத் துணை கிடைத்துவிட்டது. வெற்றிமலை முருகன் கோயிலை வழியிலேயே காட்டி, கையெடுத்துக் கும்பிட நிறுத்தவும் செய்தார். இந்த ஊரில் தமிழ் மட்டும் தெரிந்தாலே ஒரு நாளை ஓட்டிவிடலாம்.

ஓய்வெடுக்க வந்திருந்தாலும் செல்லுலார் சிறையைப் பார்க்காமல் தாண்டிப் போக மனம் வரவில்லை. கைகள் போல நீண்ட ஏழு கட்டடங்களோடு கட்டியதில் மூன்றுதான் இப்போது நிற்கின்றன. ஒரு கை இன்னொரு கையின் முதுகைப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். எதிர் அறையில் யார் இருக்கிறார் என்பதுகூடக் கைதிக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவே அந்த அமைப்பு. மகள் ஓர் அறைக்குள் ஓடிப் போய் நின்று, "இங்க ஃபேன் இல்லையா?" என்றாள். ஒலி ஒளிக் காட்சிக்குக் காத்திருக்கவில்லை.

வெளியே வந்தபோது மணி ஐந்தரை ஆகவில்லை, சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. இங்கே முதலில் பழகிக்கொள்ள வேண்டியது இதுதான். கடிகாரம் இந்திய நேரம். சூரியனோ சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முந்திக்கொள்கிறது. பிப்ரவரிக் கடைசியில் காலை ஐந்தரைக்கெல்லாம் விடிந்து, மாலை ஐந்தரைக்கு இருட்டத் தொடங்குகிறது. பத்து மணிக்கு எழுந்து பதினோரு மணிக்குக் கடலுக்குப் போகிறவர்களுக்கு நாளில் பாதி போயிருக்கும். நாங்கள் எட்டரைக்கே படுத்துவிட்டோம்.

செவ்வாய், ஹேவ்லாக்

தனியார் படகுகள் ஹேடோ துறையிலிருந்து கிளம்புகின்றன. ஒன்றரை மணி நேரம், ஏசி, மூடிய கண்ணாடி. அரசுப் படகு ஃபீனிக்ஸ் பேயிலிருந்து. இரண்டரை மணி நேரம் ஆகும், கட்டணம் குறைவு, மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு வரலாம். எனக்கு அதுதான் ஆசை. ஆனால் தீவுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் நம்பியிருப்பது அந்தப் படகைத்தான், அவர்களுக்கே முன்னுரிமை. அது நியாயமும்கூட. முன்பதிவு செய்ய முடிந்தது தனியாரில். அடையாள அட்டையை ஒவ்வொரு படகிலும் கேட்கிறார்கள். குமட்டல் வருகிறவர்கள் ஏறுவதற்கு அரை மணி முன்பே மாத்திரை போட்டுக்கொண்டு, கீழ்த்தளத்தில் நடுவாகவோ பின்பக்கமாகவோ உட்காருவது நல்லது. முன்வரிசை குதிக்கும். எங்கள் படகு முக்கால் மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. காரணம் கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் கிடைத்தது.

ஹேவ்லாக்கில் கடற்கரைகளை எண்ணால்தான் சொல்கிறார்கள். படகுத்துறை ஒன்றாம் நம்பர், கடைத்தெரு இருக்கும் கோவிந்த நகர் மூன்றாம் நம்பர், விஜய நகர் ஐந்து, ராதாநகர் ஏழு. தங்க எந்த நம்பர் என்று நிறைய யோசித்தோம். புகழெல்லாம் ஏழுக்கு, 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்த கடற்கரை என்று எழுதியதிலிருந்து கூட்டமும் ஏழுக்கு. ஆனால் கடைகள், மருந்துக்கடை, சாப்பாடு எல்லாம் கிழக்குக் கரையில். ராதாநகர் படகுத்துறையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி மேற்குக் கரையில் இருக்கிறது. வயதானவர்களும் குழந்தையும் இருந்தால் ஐந்தில் தங்கி, ஏழுக்குப் போய் வருவதுதான் சௌகரியம். எங்கள் விடுதி ஐந்தில். தரைமட்ட அறை, வாசலில் இறங்கினால் மணல், மணலை மூடிய மாதிரி கடல் இலுப்பை மரங்களின் நிழல். அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டதோடு அவள் விடுமுறை ஆரம்பமாகிவிட்டது.

மதியச் சாப்பாடு சாலையோர வங்காளிக் கடையில். இந்தத் தீவில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். 1950களில் அரசு நிலம் கொடுத்துக் குடியமர்த்தியது. காட்டை வெட்டி நெல்லும் பாக்கும் தென்னையும் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று விடுதியும் ஸ்கூட்டரும் வாடகைக்கு விடுகிறார்கள். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல், கடுகு அரைத்து ஊற்றிய மீன். "தீதி (அக்கா), இன்னும் கொஞ்சம்" என்று என் மனைவி கேட்ட இந்தியில் பாதி தமிழ். கடைக்காரப் பெண்ணுக்குப் புரிந்தது. கடுகு நெடி அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தயிர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மூன்று மணிக்குத் திரும்பினால், வாசலில் இருந்த கடலைக் காணோம். நூறு இருநூறு அடி தள்ளி ஒரு நீலக் கோடு. நடுவே பாறை, குட்டை, பாசி. பக்கத்து அறையில் வந்திறங்கிய புதுமணத் தம்பதி வரவேற்பறையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். படத்தில் காட்டிய கடல் எங்கே என்று கேட்டார்கள். விடுதிப் பையன் கையை விரித்து, "சாயந்திரம் வரும்" என்றான். நாங்கள் தூங்கப் போனோம்.

புதன், ராதாநகர்

ஸ்கூட்டர் ஒரு நாளைக்கு 500 ரூபாய். அம்மாவுக்கு வேண்டுமே என்று ஆட்டோ பேசினோம். ஏழு மணிக்கெல்லாம் ராதாநகரில் இருந்தோம். கடற்கரை முழுக்க எங்களைத் தவிர நாலைந்து பேர், இரண்டு நாய்கள், ஒரு உயிர்காப்பாளர்.

இந்தக் கடற்கரையைப் பற்றி எழுதித் தள்ளிவிட்டார்கள், இருந்தாலும் சொல்கிறேன். இங்கே காலடியில் பாறையே இல்லை. மாவு மணல், மெல்லச் சரிகிற தரை, இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால் விரல் தெரிகிறது. பின்னால் சுவர் எழுப்பின மாதிரி நெட்டை மரங்கள். கட்டடம் எதுவும் கண்ணில் படாது. சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தருகிற சர்வதேச நீலக்கொடிச் சான்று 2020இல் இதற்குக் கிடைத்தது. கழிப்பறை, உடை மாற்றும் அறை எல்லாம் அதன் பிறகு சுத்தமாக இருக்கின்றன. மகள் தண்ணீரைவிட்டு இரண்டரை மணி நேரம் வெளியே வரவில்லை. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் வரை இறங்கி நின்றாள். "இது கடல் மாதிரியே இல்லையே, குளம் மாதிரி இருக்கு" என்றாள். அவள் பார்த்து வளர்ந்தது திருச்செந்தூர்க் கடலை.

உயிர்காப்பாளர் எல்லையைத் தாண்டினால் விசில் ஊதுகிறார். அதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். இந்தத் தீவுகளில் உப்புநீர் முதலை உண்டு. 2010இல் ராதாநகருக்கு அருகில் ஒரு வெளிநாட்டுப் பயணியை முதலை கொன்றது. கழிமுகமும் அலையாத்திக் காடும் இருக்கும் பக்கம் போகாமல், குறித்த இடத்தில், பகலில் குளித்தால் பயமில்லை.

பத்தரைக்கு வெயில் ஏறியதும் கிளம்பிவிட்டோம். பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வருவது மாலை மூன்று மணிக்கு மேல், சூரியன் மறைவதைப் பார்க்க. அதைத் தவறவிட்டதில் எனக்கு வருத்தமில்லை, மனைவிக்கு உண்டு. இரவு சிவராத்திரி என்று அம்மா வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

வியாழன்

இன்று எங்கும் போகவில்லை.

காலையில் ஐந்தாம் நம்பர் கடல் விடுதிப் படிவரை வந்து நின்றது. எட்டிலிருந்து பத்தரை வரை அதிலேயே கிடந்தோம். விடுதிச் சமையல்காரரிடம் சொல்லிப் பச்சரிசிச் சோறும் பருப்பும் வாங்கி, அம்மா இலையில் வைத்துப் படைத்தாள். வேலிக் கல்லில் ஒரு பிடி வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். நம் ஊர்க் காக்கையைவிடப் பெரிய, கழுத்தும் கறுத்த காக்கை ஒன்று இறங்கி, முழுவதையும் தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. அம்மா சாப்பிட உட்கார்ந்தாள்.

இந்த மாதிரி நாளில் தெரிகிற எதிரி மணல் ஈ. கண்ணுக்கே தெரியாது. கடித்த மறுநாள்தான் கணுக்காலில் சிவப்புச் சிவப்பாகத் தடித்து அரிக்கும், சொறிந்தால் வாரக்கணக்கில் ஆறாது. தண்ணீர் வற்றும்போதும் பொழுது சாயும்போதும் தொல்லை அதிகம். ஈர மணலில் துண்டை விரித்துப் படுக்காமல் நாற்காலியில் உட்காருங்கள். தேங்காய் எண்ணெயைக் காலில் கெட்டியாகத் தடவிக்கொள்ளச் சொன்னது சாப்பாட்டுக்கடை தீதிதான். வாங்கி வந்த கிரீமைவிட அது உதவியது.

போன் வேலை செய்கிறதா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். செய்கிறது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டுவிட்டார்கள். அதற்கு முன் எல்லாம் செயற்கைக்கோளை நம்பித்தான். இருந்தாலும் கடைக்காரர் செல்போனில் பணம் வந்து சேரும்வரை கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது. கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஏடிஎம் ஒன்றிரண்டுதான், ஞாயிறு என்றால் காலியாகிவிடும் என்றார்கள்.

இரவு ஒன்பது மணி. ஏற்றம் மறுபடி மரத்தடி வரை வந்திருந்தது. நிலா இல்லை. விடுதிக்காரர் வாசல் விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு, "தண்ணீரில் இறங்காதீர்கள், குச்சியால் கலக்குங்கள்" என்றார். மகள் கலக்கினாள். குச்சி போன வழியெல்லாம் நீலப் பச்சைப் பொறி. தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள், அசைத்தால் ஒளிவிடுகின்றன. படங்களில் காட்டுகிற மாதிரி கடலே பற்றி எரிவதில்லை. பொடிப்பொடியாக, ஆனால் தெளிவாகத் தெரிந்தது. இதற்குப் படகு வைத்துத் துடுப்புப் போடக் கூட்டிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அம்மாவுக்கும் குழந்தைக்கும் கரையே போதும். பௌர்ணமி வாரத்தில் வந்திருந்தால் இது கிடைத்திருக்காது. அமாவாசையைப் பிடித்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

வெள்ளி

மனைவிக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் இன்று கடலுக்கடியில் போனாள். முதல்முறை முழுகுகிறவர்களுக்கான ஸ்கூபாவுக்கு நீச்சல் தேவையில்லை. உடல்நலப் படிவம் நிரப்பச் சொல்லி, இடுப்பளவு தண்ணீரில் மூச்சுவிடப் பழக்கி, அப்புறம் ஒருவருக்கு ஒரு பயிற்றுநர் என்று பின்னாலிருந்து பிடித்தபடியே அழைத்துப் போகிறார்கள். நீமோ ரீஃப் என்கிற இடம், கரையிலிருந்தே இறங்கலாம். ஆஸ்துமா, காதுப் பிரச்சினை இருப்பவர்கள் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முழுகிய பிறகு ஒரு நாளாவது விமானம் ஏறக் கூடாது, உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற வேண்டும். அதனால்தான் கடைசி நாளுக்கு வைக்காமல் நடுவில் வைத்தேன். மேலே வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "ஏங்க, சத்தமே இல்ல." இரண்டாவது: "பசிக்குது."

பவளம் முன்போல் இல்லை என்று பயிற்றுநர் சொன்னார். 2010இல் கடல்நீர் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவு வெளுத்துச் செத்தன. அதற்குப் பிறகும் வெளுத்திருக்கின்றன. மீன் இருக்கிறது, நிறமும் இருக்கிறது. சாம்பல் திட்டுகளும் இருக்கின்றன.

எலிஃபண்ட் பீச்சுக்குப் போகவில்லையா என்று விடுதியில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். படகிலோ காட்டுவழி நடந்தோ போக வேண்டும், போனால் வாட்டர் ஸ்கூட்டர் இரைச்சல். எங்களுக்கு ஒத்துவராது. ஒரு காலத்தில் இந்தத் தீவுகளில் மரம் இழுக்க யானைகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் ராஜன் என்ற யானை கடலில் நீந்தியே உலகப் புகழ் பெற்றது, 2016இல் இறந்துபோனது. மகளுக்குக் கதையாக அதைச் சொன்னேன். இனி எங்கள் வீட்டுக் குளியலறையில் யானை நீந்தும் என்று தெரிகிறது.

சனி, நீல்

ஹேவ்லாக்கிலிருந்து நீல் ஒரு மணி நேரத்துக்குள். இறங்கும் இடத்திலேயே கண்ணைப் பறிக்கிற தண்ணீர். சின்னத் தீவு, சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர், ராம்நகர் என்று ஊர்ப் பெயரெல்லாம் ராமாயணம். அம்மாவுக்கு வழி கேட்பது சுலபமாயிற்று.

நீல் என்ற பெயருக்கு உரியவன் ஜேம்ஸ் நீல் என்கிற ஆங்கிலேயத் தளபதி. மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படையை நடத்திப் போய், 1857 எழுச்சியின்போது காசியிலும் அலகாபாத்திலும் கண்டவர்களையெல்லாம் தூக்கில் போட்டவன். லக்னோவில் செத்தான். அவனுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். 1927இல் அதை அகற்றச் சொல்லி நம்மவர்கள் சத்தியாகிரகம் நடத்திச் சிறைக்குப் போனார்கள். 1937இல் ராஜாஜி அரசு சிலையை எடுத்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. மவுண்ட் ரோட்டை விட்டுப் போனவன் பெயர் இங்கே 2018 வரை இருந்திருக்கிறது. ஊர்ப் பேச்சில் இருக்கும் பழைய பெயரே வரும் என்று மேலே எழுதினேன். இந்த ஒரு பெயரை உச்சரிக்கும்போது மட்டும் வாய் கசக்கிறது.

சரி, தீவுக்கு வருவோம். இங்கே பார்க்க வேண்டியது இயற்கையாக அமைந்த பாறைப் பாலம். வங்காளிகள் அதை ஹவுரா பாலம் என்கிறார்கள். தண்ணீர் வற்றினால்தான் நடந்து போக முடியும். இன்று இறக்கம் நாலரை மணிவாக்கில். மூன்றரைக்கே இறங்கினால் நீர் விலக விலக நடக்கலாம், இருட்டுவதற்குள் திரும்பலாம். வழி முழுக்க வழுக்குப் பாறை, குட்டைகள். ஒவ்வொரு குட்டையிலும் ஒரு குடும்பம்: நண்டு, கடல் அட்டை, நீல உதட்டுச் சிப்பி, அகப்பட்டுக்கொண்ட மீன் குஞ்சுகள். செருப்பு உதவாது, பிடிமானமுள்ள ஷூ வேண்டும். அம்மா மேலேயே இளநீர்க் கடையில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் இங்கே வந்து பாலத்தைச் சுற்றித் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் கதையை இளநீர்க்காரர் அவளுக்குச் சொல்லியிருக்கிறார். பேக்கேஜ் வண்டி வருகிற நேரத்துக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை என்று அவருக்குச் சிரிப்பு.

ஞாயிறு

அந்தமானுக்குக் காய்கறி விளைவிக்கிற தீவு என்று நீலுக்குப் பெயர். சந்தையில் அம்மா அதைச் சோதித்துப் பார்த்தாள். கத்தரிக்காய் பிஞ்சாக இருந்தது, வாங்கிப் போக முடியாதே என்று புலம்பினாள். நான் அறை வாசலில் தொங்கும் வலைத்தொட்டிலில் படுத்துப் பாதிப் புத்தகம் படித்தேன். பரத்பூரில் குளியல், மீன் வறுவல், தூக்கம். மகளோடு துறவி நண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காலிச் சங்கைத் தேடி எடுத்து அதற்குள் குடியேறுகிற நண்டு அது. வளர வளரப் பெரிய சங்கு தேடும். கடற்கரையில் கிடக்கும் சங்கை நாம் பொறுக்கினால் அதற்கு வீடு குறையும். அதைச் சொன்னதும் அவளே பையிலிருந்த இரண்டைப் போட்டுவிட்டாள்.

திங்கள், செவ்வாய்

நீலிலிருந்து போர்ட் பிளேருக்குத் திங்கள் காலைப் படகு. விமானம் செவ்வாய்தான். இந்த ஒரு இரவை வீண் என்று நினைக்காதீர்கள். காற்று அடித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், விமானம் காத்திருக்காது. கடைசி இரவு போர்ட் பிளேரில் தங்கினால் நிம்மதி. எங்களுக்குப் படகு நேரத்துக்குக் கிளம்பியது. மிச்ச நேரத்தில் அம்மா தன் ஆட்டோக்காரரைத் தேடிப் பிடித்துக் கோயிலுக்குப் போய் வந்தாள். இட்லி கிடைத்தது.

விமான நிலையத்தில் பெட்டியை ஊடுகதிரில் பார்க்கும்போது பவளத்தையும் சிப்பியையும் தேடுகிறார்கள். பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, ஒரு துண்டுகூட எடுத்து வரக் கூடாது. எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பத்தின் பெட்டியைத் திறந்து ஒரு பை நிறைய எடுத்து வைத்தார்கள். சங்குப் பொருள் வேண்டுமென்றால் ரசீது தருகிற கடையில் வாங்கி, அந்த ரசீதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம் மீதி இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமி இரண்டிலும் நீரின் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான், காலையில் நிறையும், பிற்பகலில் வற்றும். அஷ்டமியை ஒட்டிப் போனால் தலைகீழ். காலையில் இறக்கம், மாலையில் ஏற்றம், வித்தியாசமும் குறைவு. பாறைப் பாலத்தைக் காலையிலேயே பார்த்துவிட்டு மாலையில் வாசலிலேயே குளிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு அதுதான் தோது. டிக்கெட் போடுவதற்கு முன் அட்டவணையைப் பாருங்கள். ஏஜென்டிடம் இதைக் கேட்டால் "சார், கடல் எப்பவும் இருக்கும்" என்பார்.